இரவெல்லாம் உங்கள் கம்ப்யூட்டர் எதை எதோடு ஒப்பிடுகிறது?

கேள்வி: உயிரித் தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளாஸ்ட்டில் ஒரு புரத வரிசையைப் போட்டால் சில நிமிடங்களில் விடை வந்துவிடுகிறது. ஆனால் ஒரு காலத்தில் ஜீனோம் ஒப்பீட்டுக்காக ஆயிரக்கணக்கான வீட்டுக் கம்ப்யூட்டர்களை மாதக்கணக்கில் ஓட்டினார்கள் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். எதற்கு அவ்வளவு வேலை? முகம் தெரியாத ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டர் அனுப்பும் விடையை விஞ்ஞானிகள் எப்படி நம்பினார்கள்?

பதில்:

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்ட், அதாவது ஒரு புரதத்துக்கு உறவானவற்றைத் தரவுத்தளத்தில் தேடித்தரும் நிரல், குறுக்கு வழியில் போகிறது. நீங்கள் ஒரே ஒரு புரதத்தைக் கொடுத்துத் தேடுகிறீர்கள், அதற்கு அது தாராளமாகப் போதும். உங்கள் ஆசிரியர் சொன்ன திட்டத்தில் குறுக்கு வழியே வேண்டாம் என்று முடிவெடுத்து, எல்லாப் புரதங்களையும் எல்லாப் புரதங்களோடும் வைத்துப் பார்த்தார்கள். அந்த வேலைக்கு ஒரு குணம் உண்டு. கொண்டுபோக வேண்டிய சரக்கு கொஞ்சம், செய்ய வேண்டிய உழைப்பு மலையளவு. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைப்பது அரிது. இனி விரிவாகப் பார்ப்போம்.

அவர் சொன்னது அநேகமாக 'ஜீனோம் கம்பாரிசன்' என்ற திட்டம். பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் உள்ள ஃபியோக்ரூஸ் என்ற அரசு ஆய்வு நிறுவனம் நடத்தியது. ஐபிஎம் 2004 நவம்பரில் தொடங்கிய வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் என்ற தன்னார்வலர் வலையமைப்பில் இது 2006 நவம்பரில் ஏறியது, 2007 ஜூலையில் முடிந்தது. ஃபியோக்ரூஸுக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. வெப்பநாட்டு நோய்களோடு மல்லுக்கட்டுவதற்கென்றே வளர்ந்த நிறுவனம் அது. 1909ல் அங்கே வேலை பார்த்த கார்லோஸ் சாகஸ் ஒரு புதிய நோயையும் அதை உண்டாக்கும் ஒட்டுண்ணியையும் கண்டுபிடித்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. ஒட்டுண்ணிக்கு நிறுவனத்தின் தலைவர் ஓஸ்வால்டோ க்ரூஸைச் சிறப்பித்து டிரிபனோசோமா க்ரூசி என்று பெயர் வைத்தார். அந்த ஒட்டுண்ணியின் ஜீனோம், அதாவது மரபணுக்களின் முழுத் தொகுப்பு, 2005ல் வெளியானது. பார்த்தால், அதன் மரபணுக்களில் ஏறக்குறைய பாதிக்கு என்ன வேலை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எழுத்தெல்லாம் கையில் இருக்கிறது, பொருள்தான் தெரியவில்லை.

பொருள் தெரியாத ஒரு சொல் பழைய பாட்டில் வந்தால் என்ன செய்வோம்? அந்தச் சொல், அல்லது அதைப் போன்ற ஒன்று, வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது, அங்கே என்ன பொருளில் வந்திருக்கிறது என்று தேடுவோம். ஜீனோம் ஒப்பீடும் அதேதான். மரபணு சொல்லும்படி செல்லில் உருவாவதுதான் புரதம். பொருள் தெரியாத புரதத்துக்கு, பொருள் தெரிந்த ஓர் உறவுக்காரரை வேறு உயிரியில் தேடுவது. மலேரியா ஒட்டுண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் செல்லுக்குள் சிறு வட்டமாக ஒரு தனி டிஎன்ஏ இருந்தது. அதன் வரிசையை மற்றவற்றோடு ஒப்பிட்டபோது, அது பாசி, தாவரங்களின் பசுங்கணிகத்துக்கு உறவு என்று தெரிந்தது. ஒளிச்சேர்க்கை செய்யாத, ஆனால் எப்போதோ செய்துகொண்டிருந்த ஓர் உறுப்பின் எச்சம். அதற்குள் நடக்கும் ஒரு வேதிப்பாதை மனித உடலில் கிடையவே கிடையாது. ஃபோஸ்மிடோமைசின் என்ற மருந்துப்பொருள் அந்தப் பாதையை அடைத்து ஒட்டுண்ணியின் வளர்ச்சியை நிறுத்துகிறது என்று 1999ல் காட்டினார்கள். கொசு கடித்து வரும் ஒட்டுண்ணிக்குள் தாவரத்தின் உறவு இருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்? எழுத்தை எழுத்தோடு வைத்துப் பார்த்ததால்தான் அது தெரிந்தது.

சரி, எழுத்தை எழுத்தோடு வைப்பது எப்படி? இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், ஏனென்றால் வீட்டுக் கம்ப்யூட்டர் இரவெல்லாம் செய்வது இதை மட்டும்தான்.

ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஒரே பாட்டின் இரண்டு ஏடுகளில் ஓரிடத்தில் எழுத்து மாறியிருக்கும், ஓரிடத்தில் விடுபட்டிருக்கும், இன்னோரிடத்தில் கூடுதலாக நுழைந்திருக்கும். எல்லா வேறுபாட்டையும் அவர்கள் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. பழைய ஏடுகளில் ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். எனவே ஒன்று மற்றொன்றாகப் படிக்கப்பட்டிருந்தால் அது எதிர்பார்க்கக்கூடிய பிழை. லகரம் ளகரமாக மாறுவதும் அப்படித்தான். ஆனால் லகரம் ககரமாக மாறியிருந்தால் சந்தேகப்பட வேண்டும், ஒருவேளை இது வேறு பாட்டாகவே இருக்கலாம்.

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்கள் எழுத்துகளைப் போல வரிசையாகக் கோத்த சங்கிலி. அந்த எழுத்துகளுக்கும் இப்படி ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. ஸ்டீவன் ஹெனிகாஃப், ஜோர்ஜா ஹெனிகாஃப் இருவரும் 1992ல் வெளியிட்ட பிளோசம் அட்டவணைகளில் 62 எண்ணிட்டதுதான் அதிகம் புழங்குவது. உறவு உறுதியான புரதத் துண்டுகளை வரிசையாக அடுக்கி, எந்த அமிலம் எந்த அமிலமாக எவ்வளவு அடிக்கடி மாறியிருக்கிறது என்று எண்ணி எடுத்த மதிப்பெண்கள் அவை. லூசின் லூசினாகவே இருந்தால் 4. செரின் த்ரியோனினாக மாறினால் 1, ஏனென்றால் அது சர்வசாதாரணம். ட்ரிப்டோபான் இரண்டிலும் அதே இடத்தில் இருந்தால் 11! அரிதான அமிலம், எளிதில் மாறாதது. அது அப்படியே நிற்கிறது என்றால் உறவுக்கு வலுவான சாட்சி.

கையால் ஒன்று போட்டுப் பார்ப்போம். நம் ரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகைச் சங்கிலிகள். ஆல்ஃபா தொடங்குவது: வாலின், லூசின், செரின், ப்ரோலின், அலனின், அஸ்பார்டிக் அமிலம், லைசின். பீட்டா தொடங்குவது: வாலின், ஹிஸ்டிடின், லூசின், த்ரியோனின், ப்ரோலின், குளுட்டாமிக் அமிலம், மறுபடி குளுட்டாமிக் அமிலம், லைசின். கண்ணுக்கே தெரிகிறது, பீட்டாவில் ஒரு ஹிஸ்டிடின் கூடுதல். முதல் வாலினும் வாலினும் பொருந்தி 4 மதிப்பெண். அடுத்து ஹிஸ்டிடினுக்கு எதிரே ஓர் இடைவெளி விட வேண்டும். பிளாஸ்ட்டின் வழக்கமான கணக்குப்படி இடைவெளியைத் திறக்க 11, அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் 1, ஆக 12 போய்விடும். 4 கழித்தல் 12, சுழிக்குக் கீழே.

இந்த இடத்தில்தான் ஸ்மித்-வாட்டர்மேன் முறையின் அழகு இருக்கிறது. டெம்பிள் ஸ்மித், மைக்கேல் வாட்டர்மேன் இருவரும் 1981ல் தந்த முறை. கூட்டுத்தொகை சுழிக்குக் கீழே இறங்கினால், இறங்கியதைத் தூக்கிச் சுமக்காதே, சுழியிலிருந்து புதிதாகத் தொடங்கு என்பது அதன் விதி. அதற்கு 11 ஆண்டு முன்பு, 1970ல், நீடில்மேனும் வுன்ஷும் தந்த முறை இரண்டு புரதங்களையும் தலை முதல் கால் வரை பொருத்தியே தீரும். அந்த ஒரு சுழி வந்ததும், நீளமான இரண்டு புரதங்களுக்குள் ஒளிந்திருக்கும் பொதுவான துண்டை மட்டும் தனியே பிடிக்க முடிந்தது. வெவ்வேறு உயிரிகளின் புரதங்களில் ஒரு பகுதி மட்டுமே பொதுவாக இருப்பது மிகச் சாதாரணம் என்பதால் இது பெரிய விஷயம்.

ஆகவே வாலினை விட்டுவிட்டு லூசினிலிருந்து தொடங்குகிறோம். லூசின்-லூசின் 4. செரின்-த்ரியோனின் 1, மொத்தம் 5. ப்ரோலின்-ப்ரோலின் 7, மொத்தம் 12. அலனினுக்கு எதிரே குளுட்டாமிக் அமிலம், கழித்தல் 1, மொத்தம் 11. அஸ்பார்டிக்-குளுட்டாமிக் 2, மொத்தம் 13. லைசின்-லைசின் 5, மொத்தம் 18. இப்படியே போனால் கொஞ்சம் ஏறி இறங்கி 13 ஜோடிகளில் 34க்கு வருகிறது. அந்த 34ல் கடைசி 11, நான் சொன்ன ட்ரிப்டோபான் கொடுத்தது. பிறகு கிளைசின், லைசின், வாலின் மூன்றும் அப்படியே பொருந்தி, 16 ஜோடிகளில் 49. சங்கிலிகள் இன்னும் நீளும், இங்கே நிறுத்திக்கொள்வோம்.

இடையில் ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. நான் மேலே 'கழித்தல் 1' என்று போட்ட அந்த இடம், பீட்டா சங்கிலியின் ஆறாவது இடம். அரிவாள் செல் நோயில் மாறுவது அந்த ஓர் இடம்தான். குளுட்டாமிக் அமிலம் போய் வாலின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் இருப்பது 1952லேயே பதிவானது, இன்றும் அங்கே எத்தனையோ குடும்பங்கள் அதோடு வாழ்கின்றன. அந்த மாறிய பீட்டாவை வைத்துக் கணக்குப் போட்டால், அலனின்-வாலின் ஜோடிக்கு அட்டவணை தருவது 0. அதாவது 49 இருந்த இடத்தில் 50 வருகிறது. நோயை உண்டாக்கும் மாற்றம் ஆல்ஃபாவோடு உள்ள மதிப்பெண்ணை ஒன்று கூட்டுகிறது! வரிசை ஒப்பீடு உறவைச் சொல்லும், உடல் படும் பாட்டைச் சொல்லாது. மதிப்பெண்ணைப் பார்த்து மருத்துவ முடிவுக்குத் தாவும் மாணவர்களிடம் நான் எப்போதும் இந்த ஓர் இடத்தைத்தான் காட்டுவேன்.

நான் கண்ணால் பார்த்து 'இங்கே இடைவெளி விடலாம்' என்றேன். கம்ப்யூட்டருக்குக் கண் இல்லையே, அது எல்லா வழியையும் பார்த்தாக வேண்டும். ஒரு கட்டம் போட்ட நோட்டில் மேலே ஒரு புரதத்தையும் இடது ஓரத்தில் இன்னொன்றையும் எழுதிக்கொள்வது போல வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று பக்கத்து எண்களைப் பார்க்கும். மூலையில் இருந்து வந்தால் இரண்டு எழுத்தும் பொருந்துகின்றன, மேலிருந்தோ இடமிருந்தோ வந்தால் இடைவெளி. மூன்றில் பெரியதை எடுக்கும், எதுவும் சுழிக்கு மேல் இல்லை என்றால் சுழி போடும். எல்லாக் கட்டமும் நிரம்பியதும் இருப்பதிலேயே பெரிய எண்தான் விடை. ஆல்ஃபா 141 எழுத்து, பீட்டா 146. பெருக்கினால் 20,586 கட்டம். இவ்வளவும் ஒரே ஒரு ஜோடிக்கு.

பிளாஸ்ட் இந்தக் கட்டங்களையெல்லாம் நிரப்புவதில்லை. மூன்று மூன்று எழுத்தாக நல்ல பொருத்தம் எங்கே இருக்கிறது என்று முதலில் மேய்ந்துவிட்டு, அப்படி ஒரு விதை கிடைத்த இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் நீட்டிப் பார்க்கும். அதனால்தான் 1990ல் அது வந்ததும் ஆய்வகங்கள் எல்லாம் அதற்கு மாறின. நம் ஆல்ஃபா-பீட்டா ஜோடியில் ட்ரிப்டோபான், கிளைசின், லைசின், வாலின் வரிசையாக அப்படியே இருப்பதால் அது எளிதில் பிடித்துவிடும். ஆனால் பயறுச் செடிகளின் வேர் முடிச்சிலும் ஹீமோகுளோபினின் உறவு ஒன்று இருக்கிறது, தெரியுமா? அவ்வளவு தூரத்து உறவில் ஒற்றுமை அங்கங்கே ஓர் எழுத்தாகச் சிதறிக் கிடக்கும். விதை அளவுக்குச் சேர்ந்தாற்போல் எதுவும் இல்லை என்றால் குறுக்கு வழி அதைத் தாண்டிப் போய்விடலாம். பாதி மரபணுக்களுக்குப் பொருள் தெரியாமல் நிற்கிறவருக்கு, அந்தத் தாண்டிப்போன உறவுதான் வேண்டியது.

அதனால் ஃபியோக்ரூஸ் குழு பில் பியர்சனின் ஃபாஸ்டா தொகுப்பில் உள்ள எஸ்எஸ்சர்ச் என்ற நிரலை எடுத்துக்கொண்டது. அது முழு ஸ்மித்-வாட்டர்மேன் கணக்கையும் விடாமல் போடும். வரிசைகள் ரெஃப்செக் என்ற பொதுத் தரவுத்தளத்தில் இருந்தவை, சுமார் 40 லட்சம் புரதங்கள். இப்போது கணக்கைப் பாருங்கள். 40 லட்சத்தை 40 லட்சத்தோடு ஒப்பிட வேண்டும். முதலாவதை இரண்டாவதோடு பார்த்த பிறகு இரண்டாவதை முதலாவதோடு பார்க்கத் தேவையில்லை என்பதால் பாதி போதும். அப்படியும் 8 லட்சம் கோடி ஜோடி. சராசரியாக 300 எழுத்து என்று வைத்தால் ஜோடிக்கு 90,000 கட்டம். மொத்தம் 72க்குப் பின்னால் 16 சுழி. ஒரு கம்ப்யூட்டர் நொடிக்கு 10 கோடி கட்டம் நிரப்பும் என்று வைத்துக்கொண்டால், இடைவிடாமல் 228 வருடம் ஓட வேண்டும். சராசரி நீளமும் வேகமும் நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, ஆனால் வேலையின் அளவு இந்த மாதிரிதான்.

ஒரு வேலை பெரியது என்பதாலேயே அது வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் பொருந்திவிடாது. கணக்கின் ஒரு துண்டு இன்னொரு துண்டின் விடைக்காகக் காத்திருக்கும் என்றால், ஊரெல்லாம் சிதறிக் கிடக்கும் கம்ப்யூட்டர்களை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதேபோல் ஒவ்வொருவருக்கும் மலை மலையாகத் தரவு அனுப்ப வேண்டும் என்றால் இன்டர்நெட் தாங்காது. புரத ஒப்பீட்டில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஒரு ஜோடியின் விடைக்கு வேறு எந்த ஜோடியின் விடையும் தேவையில்லை. இரண்டாவது விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது, அதைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

ஒரு வயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரப்பில் 1,000 புரதம், இன்னொரு வரப்பில் 1,000 புரதம். வயல் முழுக்க அவற்றின் ஜோடிகள், 10 லட்சம். வரப்பில் இருக்கும் எழுத்துகளைத்தான் ஒருவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அது 2,000 பெருக்கல் 300, வெறும் 6 லட்சம் எழுத்து. ஒரு போட்டோவை விடச் சிறியது. வயலுக்குள் இருக்கும் வேலை, மேலே சொன்ன வேகத்தில் 15 நிமிடம். இப்போது வரப்பை மூன்று மடங்கு நீட்டுங்கள், இரண்டு பக்கமும் 3,000 புரதம். அனுப்ப வேண்டியது மூன்று மடங்குதான், 18 லட்சம் எழுத்து. ஆனால் வேலை ஒன்பது மடங்கு, இரண்டேகால் மணி நேரம். சரக்கு வரப்போடு வளர்கிறது, உழைப்பு வயலோடு வளர்கிறது. எனவே வரப்பின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால், ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் சில மணி நேரத்தில் முடிக்கும் அளவுக்கு வேலையை வெட்டிக்கொள்ளலாம். 2006ல் பல வீடுகளில் இன்டர்நெட் மெதுவாகத்தான் ஊர்ந்தது. அந்த நிலையிலும் இந்தத் திட்டம் ஓடியது இந்தக் குணத்தால்தான்.

இப்படி வெட்டிய ஒரு துண்டைத்தான் வொர்க் யூனிட் என்கிறார்கள், நான் பொட்டலம் என்றே சொல்கிறேன். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் சிறு மென்பொருள் சர்வரிடம் 'வேலை இருக்கிறதா' என்று கேட்கும். சர்வர் இரண்டு வரப்பையும், ஒப்பிடும் நிரலையும், கெடு தேதியையும் அனுப்பும். வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் தொடக்கத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருளை வைத்திருந்தது, 2005ல் பாயிங்க்கையும் சேர்த்துக்கொண்டது, பின்னர் முழுக்க அதற்கே மாறியது. பாயிங்க் என்பது பெர்க்லியில் டேவிட் ஆண்டர்சன் குழு உருவாக்கிய பொதுவான அடித்தளம். வேற்றுக்கிரக சமிக்ஞை தேடிய செட்டி அட் ஹோம் 1999ல் தொடங்கி நன்றாக ஓடியதும், ஒவ்வொரு ஆராய்ச்சியாளரும் இதையெல்லாம் புதிதாக எழுதிக்கொண்டிருக்க வேண்டாமே என்று செய்தது.

வேலை உங்கள் கம்ப்யூட்டரில் மிகத் தாழ்ந்த முன்னுரிமையில் ஓடும். நீங்கள் எதையாவது திறந்தால் அது ஒதுங்கிவிடும். அவ்வப்போது எந்த ஜோடி வரை முடிந்தது என்று டிஸ்க்கில் குறித்துவைக்கும், கரண்ட் போய் வந்தால் அங்கிருந்து தொடரும். நினைவகமும் அதிகம் பிடிக்காது. மதிப்பெண் மட்டும் வேண்டும் என்றால் முழுக் கட்டத்தையும் வைத்திருக்க வேண்டியதில்லை, ஒரு வரிசையை நிரப்ப அதற்கு முந்தைய வரிசை போதும். 90,000 எண்ணுக்குப் பதில் சில நூறு எண்கள். பழைய கம்ப்யூட்டர்களும் இதில் சேர முடிந்ததற்கு இது ஒரு காரணம்.

விடையை அனுப்புவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லா ஜோடியின் மதிப்பெண்ணையும் அனுப்பினால், போன சரக்கை விட வரும் சரக்கு பல மடங்காகிவிடும். அதனால் ஒரு வரம்புக்கு மேல் மதிப்பெண் பெற்றவை மட்டும், எந்தப் புரதம், எந்தப் புரதம், எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்து வரை, எவ்வளவு மதிப்பெண் என்ற அளவில் திரும்பிப் போகும். பெரும்பாலான ஜோடிகளுக்குள் உறவே இல்லை என்பதால் திரும்பும் கோப்பு சிறியதாகவே இருக்கும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, எப்படி நம்புவது. ஒரே பொட்டலம் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் போகும். ஒருவரையொருவர் அறியாத அந்தக் கம்ப்யூட்டர்களின் விடைகள் ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு வீட்டுக்குப் போகும். கெடுவுக்குள் விடை வராத பொட்டலமும் அப்படியே வேறொருவருக்குப் போகும். இதனால் மொத்த உழைப்பு இரட்டிப்பாகிறது என்பது உண்மைதான், அதற்கு வேறு வழியில்லை.

இந்த இடத்தில் புரத ஒப்பீட்டுக்கு இன்னொரு அதிர்ஷ்டம் இருக்கிறது. காலநிலை, மூலக்கூறு அசைவு போன்ற கணக்குகள் தசம எண்களில் நடப்பவை. ஒவ்வொரு பிராஸசரும் கடைசி இலக்கத்தைக் கொஞ்சம் வேறு மாதிரி முழுமையாக்கும். லட்சக்கணக்கான படிகளில் அந்தச் சிறு வேறுபாடு பெருகி, இரண்டு நல்ல கம்ப்யூட்டர்களே வேறு வேறு விடை தரலாம். அதனால் அந்தத் திட்டங்களில் ஒரே வகைக் கம்ப்யூட்டர்களை ஜோடி சேர்ப்பது போன்ற ஏற்பாடுகள் தேவைப்படும். ஸ்மித்-வாட்டர்மேன் மதிப்பெண் வெறும் முழு எண் கூட்டல், கழித்தல், பெரியது எது என்ற கேள்வி. 49 என்றால் எந்தக் கம்ப்யூட்டரிலும் 49தான். யாராவது 48 என்று அனுப்பினால் அங்கே கோளாறு என்று உடனே தெரிந்துவிடும்.

இது எனக்கே நடந்தது. 2007 கோடையில் என் மேஜைக் கம்ப்யூட்டர் இந்தத் திட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் நாலைந்து விடைகள் 'செல்லாது' என்று திரும்பின. கம்ப்யூட்டர் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது, படம் ஓடியது, டைப் அடிக்க முடிந்தது. நினைவகச் சோதனை போட்டுப் பார்த்தபோது ஒரு ரேம் பட்டையில் பழுது. என் வேலை எதையும் அந்தப் பழுது அதுவரை காட்டிக்கொடுக்கவில்லை, ரியோவுக்காகப் போட்ட புரத மதிப்பெண்தான் காட்டிக்கொடுத்தது. தவறான விடை எதுவும் ஆராய்ச்சியாளர்கள் கைக்குப் போகாமல் வாசலிலேயே நின்றது என்பதில் எனக்கு அன்றைக்கு வந்த நிம்மதி இன்றும் நினைவிருக்கிறது.

அப்புறம் என்ன ஆனது? அந்த விடைகள் எல்லாம் புரோட்டீன் வேர்ல்ட் டிபி என்ற தரவுத்தளமாக 2010ல் வெளியாயின. 40 லட்சம் புரதங்களுக்கிடையே எது எதோடு, எந்த எழுத்து முதல் எந்த எழுத்து வரை பொருந்துகிறது, மதிப்பெண் என்ன என்று யாரும் கேட்டுப் பார்க்கும்படி அது அமைந்தது. இதில் இடத்தைக் குறித்துவைத்தது மிக முக்கியம். ஒரு புரதத்தின் தலைப்பகுதி இன்னொன்றைப் போல இருக்கும், வாலோ வேறொன்றைப் போல இருக்கும். 'அ புரதம் ஆ போல, ஆ புரதம் இ போல, ஆகவே அ-வும் இ-யும் ஒரே வேலை செய்யும்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டால், பொருந்திய பகுதிகள் வேறு வேறு என்பது மறைந்து, தவறான பொருள் தரவுத்தளம் தரவுத்தளமாகப் பரவும். பெயர்க்குறிப்புகளில் இப்படிப் பரவிய பிழைகள் நிறைய உண்டு. எழுத்தெண் இருந்தால் அதைச் சரிபார்க்க முடியும்.

பிளாஸ்ட்டில் நீங்கள் பார்க்கும் இ-மதிப்பு பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. இந்த மதிப்பெண் தற்செயலாக எத்தனை முறை வரக்கூடும் என்பதைச் சொல்வது அது, எனவே தேடும் குவியல் பெருத்தால் அதுவும் மாறும். மதிப்பெண் மாறாது. 2007ல் போட்ட 49 இன்றும் 49. அதைச் சேமித்து வைத்தால் குவியல் எவ்வளவு வளர்ந்தாலும் மதிப்பீட்டை மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். புதிதாக வரும் புரதங்களை மட்டும் பழையவற்றோடு ஒப்பிட்டுச் சேர்த்துக்கொண்டே போகலாம். தாமஸ் ரட்டெய் நடத்திய சிமாப் என்ற திட்டம் இந்த வழியைத்தான் பிடித்தது. மியூனிக்கில் தொடங்கி வியன்னாவுக்கு மாறிய அது, 2014 முடியும் வரை தன்னார்வலர் கம்ப்யூட்டர்களில் ஓடியது. அதே 2014ல் ஃபியோக்ரூஸ், சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இரண்டாவது திட்டத்தைத் தொடங்கியது. கடற்பாசி மேல் வாழும் நுண்ணுயிர்களுடையவை உட்பட சுமார் 20 கோடி புரதங்கள். முதல் திட்டத்தை விடப் புரதம் 50 மடங்கு, ஆனால் ஜோடிகள் 2,500 மடங்கு. வயல் எவ்வளவு வேகமாகப் பெருக்கும் என்று இதில் தெரியும்.

இன்றைக்கும் இதே வழிதான் வேண்டுமா என்று கேட்டால், புரதத்துக்குப் பெயர் வைக்கும் அன்றாட வேலைக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. 2007லேயே மைக்கேல் ஃபாரர் ஒரே பிராஸசரில் பல கட்டங்களை ஒன்றாக நிரப்பும் முறையைக் காட்டிவிட்டார். 2015ல் டயமண்ட், 2017ல் எம்எம்சீக்ஸ்-2 என்று வந்த கருவிகள் குறுக்கு வழியையே வெகுவாகத் தீட்டிவிட்டன. ஆனால் குறுக்கு வழி எதைத் தவறவிடுகிறது என்று அளக்க, எதையும் தவறவிடாத விடை ஒன்று கையில் இருக்க வேண்டும். யாரோ ஒருவர் ஒருமுறையாவது முழு வயலையும் உழுதிருக்க வேண்டும். அதை வீட்டுக்கு வீடு ஒரு மூலையாக உழுதார்கள் என்பதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

நீங்களும் சேர விரும்பினால், வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் 2021ல் டொரோன்டோவில் உள்ள க்ரெம்பில் ஆய்வு நிறுவனத்தின் பொறுப்புக்குப் போயிருக்கிறது. என்ன திட்டம் ஓடுகிறது என்று பார்த்துச் சேருங்கள். 100 வாட் கூடுதலாக இழுக்கும் கம்ப்யூட்டர் 10 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் கரண்ட், அதை வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். லேப்டாப் என்றால் சூடு பார்த்துக்கொள்ளுங்கள், பாதி கோர்களை மட்டும் ஒதுக்கினால் போதும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. கட்டம் போட்ட நோட்டில் ஆல்ஃபாவின் அந்த 16 எழுத்தை மேலேயும் பீட்டாவின் 16 எழுத்தை ஓரத்திலும் எழுதி, பிளோசம்-62 அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 256 கட்டத்தையும் பென்சிலால் நிரப்புங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசிக் கட்டத்தில் 49 வர வேண்டும். வந்ததும், பீட்டாவின் முதல் குளுட்டாமிக் அமிலத்தை அழித்துவிட்டு வாலின் எழுதி, அந்த வரிசையிலிருந்து மறுபடி போட்டுப் பாருங்கள்.